ஆர்னிகா என்பது என்ன? பார்த்தீனியம் பட்ட தோலுக்கு அது ஏன் ஒரு கேள்வி?

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள மருந்துக்கடைகளில் 'ஆர்னிகா' என்ற பெயரோடு தலைமுடி எண்ணெய்ப் போத்தல்கள் விற்பனைக்கு இருக்கின்றன. சுவிற்சர்லாந்திலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர்களின் பொதிகளில், அடிபட்ட நோவுக்கும் மூட்டு வலிக்கும் பூசவென்று அதே பெயருடைய களிம்புக் குழாய்கள் வந்து சேருகின்றன. ஹோமியோபதி மருத்துவர்கள் அதே பெயரில் வெள்ளைச் சீனி உருண்டைகளைக் கொடுக்கிறார்கள். இவை யாவும் ஒரே மருந்தா, எங்கள் பரியாரிமார் காய்ச்சும் நோ எண்ணெயைப் போல அச்சமின்றிப் பூசலாமா, உள்ளுக்கு எடுக்கலாமா என்ற கேள்விகள் இயல்பாகவே எழுகின்றன.

வன்னியில் வாழ்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. வயலிலும் தோட்டத்திலும் பார்த்தீனியம் என்ற களையைப் பிடுங்கிக் கைகளும் கழுத்தும் தடித்துக் கடித்த அனுபவம் இங்கே பலருக்கு இருக்கிறது. ஆர்னிகாவும் பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பம் என்ற ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை; இரண்டின் வீரியத்துக்கும் காரணமான வேதிப்பொருள்களும் நெருங்கிய உறவுடையவை. ஆகவே பார்த்தீனியத்தால் ஒவ்வாமை ஏற்பட்ட ஒருவர் ஆர்னிகாக் களிம்பைத் தொடுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகள் உள்ளன. அவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சூரியகாந்திக் குடும்பத்தின் அடையாளம்

வீட்டு வளவுகளிலும் கிணற்றடியிலும் வீதியோரக் கிரவல் மண்ணிலும் ஆண்டு முழுவதும் பூக்கும் சிறு செடி ஒன்றை வன்னியில் எவரும் கண்டிருப்பர். மூக்குத்திப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, வெட்டுக்காயப் பூண்டு என்று பல பெயர்கள் அதற்கு உண்டு. தரையோடு படர்ந்து, ஏறத்தாழ ஒரு சாண் நீளமான மெல்லிய காம்பின் நுனியில் ஒரேயொரு பூவை நிமிர்த்தி வைத்திருக்கும் பல்லாண்டுச் செடி அது. அந்தப் பூவைப் பறித்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், விளிம்பில் ஐந்து வெளிர்மஞ்சள் இதழ்கள் போலத் தோன்றுபவை இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று சிறு பற்கள் வெட்டப்பட்டிருக்கும். நடுவிலுள்ள மஞ்சள் திரளை நகத்தால் பிரித்தால், அது ஊசிமுனை அளவான பல குழல்களாகக் கழன்று வரும். அந்தக் குழல் ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. அதற்கெனச் சூலகமும் மகரந்தமும் உண்டு. அது முற்றினால் பஞ்சுக் குஞ்சத்தோடு கூடிய ஒரு வித்தாகும். விளிம்பில் இதழ் போலத் தோன்றும் ஒவ்வொன்றும்கூடத் தனித்தனிப் பூவே.

நாம் ஒரு பூ என்று கருதுவது உண்மையில் பல சிறுபூக்கள் ஒரே தட்டில் நெருங்கி அமர்ந்த ஒரு தலை என்பதே சூரியகாந்திக் குடும்பத்தின் முதன்மை அடையாளம். தாவரவியலில் அஸ்டெராசியே என்றும், பழைய நூல்களில் கொம்பொசிற்றே என்றும் வழங்கும் இக்குடும்பத்தில் 25,000 இற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களில் இதனோடு எண்ணிக்கையில் போட்டியிடக்கூடிய குடும்பம் ஓர்க்கிட் மட்டுமே. கோயிலுக்குத் தொடுக்கும் செவ்வந்தி, தலைக்கு எண்ணெய் காய்ச்சும் கையாந்தகரை, வெட்டிய வயலின் ஈரம் காயும்போது ஊதா உருண்டைகளாகப் பூக்கும் கொட்டைக்கரந்தை, சலாது இலை ஆகிய யாவும் இதற்குள் அடங்கும். பார்த்தீனியமும் இதற்குள் அடங்கும், ஆர்னிகாவும் அடங்கும்.

ஆர்னிகா வளரும் மண்

ஆர்னிகா என்பது ஏறத்தாழ 30 இனங்களைக் கொண்ட ஒரு சாதி. எல்லாமே பூமியின் வடபகுதியில், குளிர்நாடுகளில் வளர்பவை. பெரும்பாலானவை வட அமெரிக்காவின் மேற்கு மலைகளுக்கு உரியவை. ஆர்னிகா அங்குஸ்டிபோலியா என்ற சிறு இனம் கிறீன்லாந்து, அலாஸ்கா, சைபீரியா, நோர்வேயின் வடமுனை போன்ற, மரமே வளராத துருவப் பிரதேசங்களில்கூடப் பூக்கிறது. மருந்துக்கு உரியதாகப் பெயர்பெற்றது ஐரோப்பாவின் ஆர்னிகா மொன்டானா. மொன்டானா என்றால் மலைக்குரியது என்று பொருள். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 இல் இப்பெயரைப் பதிவு செய்தார்.

அதன் வாழ்க்கை முறை எங்கள் மூக்குத்திப் பூண்டின் வாழ்க்கையிலிருந்து வெகுவாக வேறுபட்டது. மண்ணுக்குள் கிடையாக ஓடும் ஒரு கிழங்குத்தண்டு பனிக்காலம் முழுவதும் உயிரோடு கிடக்கும். வெயில் திரும்பியதும் தரையோடு ஒட்டிய ஒரு வட்டமாக இலைகள் விரியும். அதன் நடுவிலிருந்து 20 முதல் 60 சென்ரிமீற்றர் உயரமான தண்டு எழுந்து, மே முதல் ஆகஸ்ட் வரையான காலத்தில் செம்மஞ்சள் நிறப் பூத்தலையைத் தாங்கும். தண்டில் உள்ள சில இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே அமைந்திருக்கும். இலையிலும் தண்டிலும் மென்மயிர் படர்ந்திருக்கும். பூத்தலைகளைப் பறித்துக் காயவைப்பவர்கள் உள்ளே சிறு புழுக்களைக் காண்பது வழக்கம். தெஃப்ரைற்றிஸ் ஆர்னிகே என்ற ஈ தன் முட்டைகளை இந்தப் பூத்தலைகளிலேயே இடுகிறது.

ஆர்னிகா மொன்டானா சத்துக் குறைந்த, அமிலத்தன்மையுள்ள, சுண்ணாம்பு இல்லாத மண்ணில் மட்டுமே செழிக்கும். நூற்றாண்டுகளாக மாடுகள் மேய்ந்தும் புல் வெட்டப்பட்டும் வந்த, எருப் போடாத மலைப் புல்வெளிகள் அதன் இருப்பிடம். அங்கே பசளை இட்டால் உயரமான புற்கள் ஓங்கி வளர்ந்து, தரையோடு ஒட்டிய ஆர்னிகா இலைகளுக்கு வெளிச்சம் இல்லாமற் செய்துவிடும். மேய்ச்சல் முற்றாக நின்றாலும் பற்றைகள் வளர்ந்து அதே கதி நேரும். எஞ்சிய செடிகள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்ததும் அடுத்த சிக்கல் தொடங்குகிறது: ஆர்னிகா தன் சொந்த மகரந்தத்தால் நன்கு காய்க்காது, வேறு செடியின் மகரந்தம் வேண்டும். சுற்றத்தில் உறவில்லாச் செடிகள் இல்லாதபோது வித்துக் குறைகிறது, வித்தும் தாய்ச்செடியை விட்டு அதிக தூரம் போவதில்லை. இக்காரணங்களால் ஐரோப்பாவின் தாழ்நிலங்கள் பலவற்றில் அது அருகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 ஆம் ஆண்டு வாழிடப் பாதுகாப்பு நெறிமுறையில், காட்டிலிருந்து எடுப்பதை ஒழுங்குபடுத்தக்கூடிய இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. ருமேனியாவின் அபுசெனி மலைகளில் வாழும் குடும்பங்கள் இன்றும் அதைக் கையால் பறித்து உலர்த்தி விற்கின்றன.

எனவே ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழையும், பனியையே காணாத வெப்பமும் கொண்ட எங்கள் உலர்வலயத்தில் இச்செடியை வளர்க்கலாம் என்று எவரேனும் வித்து விற்க வந்தால் நம்ப வேண்டியதில்லை. முருங்கன் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த களிமண்ணில் அதற்கு வழியே இல்லை.

வீரியம் எங்கே இருக்கிறது?

ஆர்னிகாவின் பூத்தலையில் ஹெலனலின் என்ற பொருளும் அதன் உறவுப் பொருள்களும் உள்ளன. வேதியியலில் இவை செஸ்குவிடெர்பீன் லாக்டோன்கள் என்ற தொகுதியைச் சேர்ந்தவை. சொல் நீளமானது, கருத்து எளிது. 15 காபன் அணுக்களால் ஆன ஒரு சட்டகம், அதோடு ஒட்சிசன் சேர்ந்த ஒரு வளையம் என்பதே அதன் பொருள். ஐரோப்பிய மருந்து நியமத்தின்படி, உலர்ந்த ஆர்னிகாப் பூவில் இத்தகைய பொருள்கள் மொத்தமாக 0.40 சதவீதமேனும் இருக்க வேண்டும். அதாவது 100 கிராம் காய்ந்த பூவில் குறைந்தது 0.4 கிராம் இருந்தால் போதும் எனப்படும் இந்தப் பொருளே மருந்தின் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது.

அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால் நன்மையும் தீமையும் சேர்ந்தே விளங்கும். அந்த வளையத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ளது. உடலின் புரதங்களில் உள்ள கந்தக அணுக்களை அது சந்தித்தால், வேட்டியில் நாயுருவி வித்துப் பற்றிக்கொள்வதைப் போலப் பற்றிக்கொள்ளும், இலகுவில் விடாது. ஹெலனலினில் இவ்வாறு பற்றக்கூடிய இடங்கள் இரண்டு உள்ளன.

1. கலங்களுக்குள் அழற்சியைத் தூண்டிவிடும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்தை ஹெலனலின் பற்றும்போது, அதன் வேலை தடைப்படுகிறது. வீக்கமும் நோவும் குறைவதற்குச் சொல்லப்படும் விளக்கம் இதுவே.

2. அதே ஹெலனலின் தோலிலுள்ள வேறு புரதங்களைப் பற்றும்போது, உடலின் பாதுகாப்பு முறைமை அந்த ஒட்டிய புரதத்தை அந்நியப் பொருளாக அடையாளம் காண நேரிடும். ஒவ்வாமை தொடங்குவது அங்கேயே.

3. உள்ளுக்குப் போனால் இரைப்பையையும் குடலையும் இதயத்தையும் அது தாக்கும். வாந்தி, வயிற்றோட்டம், இதயத் துடிப்பில் மாற்றம் ஆகியவை ஏற்படலாம். அளவு கூடினால் உயிராபத்தும் உண்டு.

ஒரே பற்றுதலே மருந்தாகவும் நஞ்சாகவும் ஆகிறது. ஆகையால், இயற்கையானது என்பதால் தீங்கில்லாதது என்ற எண்ணத்துக்கு ஆர்னிகாவில் இடமே இல்லை.

செடி வளரும் இடத்தைப் பொறுத்தும் வீரியம் மாறுகிறது. மத்திய ஐரோப்பாவின் ஆர்னிகாவில் ஹெலனலின் வகைப் பொருள்கள் மிகுதி. ஸ்பெயினின் சில பகுதிச் செடிகளில் டைஹைட்ரோஹெலனலின் வகைகளே மிகுதி. அவற்றில் அந்தப் பற்றும் இடங்களில் ஒன்று இல்லாததால் தோலைத் தூண்டும் ஆற்றல் குறைவு. ஆனால் கடையில் வாங்கும் குழாயின் லேபலில் இந்த வேறுபாட்டைக் காண முடியாது.

ஒரே பெயரில் வரும் வெவ்வேறு பொருள்கள்

குழப்பத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. 'ஆர்னிகா' என்ற சொல் போத்தலின் முன்பக்கத்தில் பெரிதாகவும், அது எவ்வளவு, எந்த வடிவில் இருக்கிறது என்பது பின்பக்கத்தில் கடுகளவு எழுத்திலும் அச்சிடப்படுகின்றன. வாங்குபவருக்கு வேண்டிய செய்தி பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அது தமிழிலும் சிங்களத்திலும் இல்லாமல் பிறமொழியில் மட்டும் இருப்பது பெரும் குறை.

1. களிம்பும் ஜெல்லும். பூவை மதுசாரத்தில் ஊறவைத்து எடுத்த சாறு சேர்த்துச் செய்யப்படுபவை. இவற்றில் ஹெலனலின் வகைப் பொருள்கள் உண்மையாகவே உள்ளன. இவற்றின் பயனுக்கு ஓரளவு சான்றும் உண்டு. கைவிரல் மூட்டுத் தேய்வு உடைய 204 பேரிடம் 21 நாள்கள் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், ஆர்னிகா ஜெல் 5 சதவீத இபுபுரோபென் என்ற வலிநிவாரணி ஜெல்லுக்குக் குறையாத பயனைத் தந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்கிரேன் அமைப்பின் 2013 ஆம் ஆண்டு மீளாய்வும் ஏறத்தாழ அதே முடிவைத் தந்தது. ஆனால் பக்கவிளைவில் ஆர்னிகா மேலானது என்று அது சொல்லவில்லை. ஐரோப்பிய மருந்து முகவரகம் இதனைக் கண்டல், சுளுக்கு, தசைநோவு ஆகியவற்றுக்கு மேற்பூச்சாகப் பயன்படுத்தும் மரபு மருந்தாக மட்டுமே ஏற்றுள்ளது. மரபு மருந்து என்ற அந்த வகைப்பாட்டின் பொருள், நீண்டகாலப் பயன்பாட்டை வைத்து அனுமதிக்கப்பட்டது என்பதே.

2. ஹோமியோபதி உருண்டைகள். இங்கே லேபலில் உள்ள எண்ணையும் எழுத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். 'டி' என்றால் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றாகவும், 'சி' என்றால் நூறில் ஒன்றாகவும் நீர்ப்பது. 6டி என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 30சி என்பது, 1 இற்குப் பின் 60 சுழியங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்கு. 12சி அளவைக் கடந்தாலே முதற் சாற்றின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிக அரிது என்பது, குறித்த அளவு பொருளில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று சொல்லும் அவகாதரோ எண்ணிலிருந்து கிடைக்கும் எளிய கணக்கு. ஆகவே 30சி உருண்டையால் நஞ்சூட்டம் வராது. ஹெலனலினின் பயனும் அதில் இருக்க முடியாது. ஹோமியோபதி ஆர்னிகா பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 1998 இல் வெளியான மீளாய்வு, அது வெற்று மருந்தைவிட மேலான பயன் தருவதற்குச் சான்று இல்லை என்றே முடித்தது. ஆனால் 'தாய்த் திரவம்' என்று விற்கப்படுவது நீர்க்கப்படாத சாறு. ஹோமியோபதி என்ற ஒரே சொல்லை நம்பி அதைத் துளி துளியாகக் குடிப்பது ஆபத்து.

3. தலைமுடி எண்ணெய். இந்தியாவிலிருந்து வரும் இவ்வகை எண்ணெய்களில் ஆர்னிகாவுடன் ஜபோரண்டி முதலிய வேறு சாறுகளும் கலக்கப்படுகின்றன. ஆர்னிகாவால் முடி வளரும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. தலைக்கு எண்ணெய் தேவையென்றால், வாய்க்கால் ஓரத்தில் இலவசமாக முளைக்கும் கையாந்தகரை இட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைவிட அது எவ்வகையிலும் உயர்ந்ததென்று கருத ஒரு காரணமும் இல்லை.

4. வேறு செடிகள். மெக்சிக்கோ ஆர்னிகா என்று விற்கப்படும் ஹெற்றெரோதீக்கா இனுலொயிடெஸ் அதே குடும்பத்தின் வேறொரு சாதி. லேபலில் 'ஆர்னிகா மொன்டானா' என்ற முழுப்பெயர் இல்லையென்றால், உள்ளிருப்பது எது என்று சொல்ல முடியாது.

பார்த்தீனியத்தோடு உள்ள உறவு

பார்த்தீனியம் ஹிஸ்ரரோபோரஸ் அமெரிக்காவின் வெப்பவலயத்துக்கு உரியது. இந்தியாவின் பூனாவில் 1950 களின் நடுப்பகுதியில் அது கவனிக்கப்பட்டது. இலங்கையில் முதன்முதலில் 1999 இல் வவுனியாவில் அடையாளங் காணப்பட்டது. இந்திய அமைதி காக்கும் படை தன் உணவுத் தேவைக்குக் கொண்டுவந்த ஆடுகளுடன் வித்து வந்திருக்கலாம் என்ற கருத்து இங்கே பரவலாக நிலவுகிறது. எவ்வழியே வந்திருந்தாலும், போரால் பயிரின்றிக் கிடந்த காணிகளும் கிளறப்பட்ட வீதியோரங்களும் அதற்கு வாய்ப்பான இடங்களாயின. ஒரே செடி 15,000 இற்கும் மேற்பட்ட வித்துகளைத் தரவல்லது. முளைத்து ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். பசளையும் போட்டியும் தாங்காமல் மலையில் ஒடுங்கிப்போகும் ஆர்னிகாவும், குழப்பப்பட்ட மண் எங்கே கிடைத்தாலும் பாய்ந்து பரவும் பார்த்தீனியமும் ஒரு குடும்பத்தில் பிறந்தவை என்பது வியப்புக்குரியது.

பார்த்தீனியத்தின் தண்டையும் இலையையும் மூடியுள்ள நுண்மயிர்களில் பார்த்தெனின் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் ஒரு செஸ்குவிடெர்பீன் லாக்டோன். ஹெலனலினும் பார்த்தெனினும் அத்தொகுதிக்குள் ஒரே உட்பிரிவைச் சேர்ந்தவை; ஹெலனலினுக்கு இருப்பதைப் போலவே பார்த்தெனினுக்கும் பற்றும் இடங்கள் இரண்டு உள்ளன. இதிலிருந்து பின்வருமாறு படிப்படியாகச் செல்லலாம்.

1. பார்த்தீனியத்தை முதல்முறை தொட்டவுடன் பெரும்பாலும் எதுவும் நிகழ்வதில்லை. ஒரு போகம், இரு போகம், சிலருக்குப் பல ஆண்டுகள் தொட்டுத் தொட்டு, உடலின் பாதுகாப்புக் கலங்கள் அப்பொருளை நினைவில் பதித்துக்கொள்கின்றன. 'இவ்வளவு காலமும் வெறுங்கையால்தான் பிடுங்கினேன், ஒன்றும் செய்யவில்லை' என்ற பேச்சு பாதுகாப்புக்கு உத்தரவாதம் தராததற்குக் காரணம் இதுவே.

2. நினைவு பதிந்தபின் அடுத்த தொடுகையில், ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள், அவ்விடம் சிவந்து தடித்துக் கடிக்கும், நீர்க்கொப்புளமும் வரலாம். உடனே வராமல் நாள் பிந்தி வருவதால், எதைத் தொட்டதால் வந்தது என்று அறிவது கடினம்.

3. காய்ந்த செடியின் தூளும் நுண்மயிரும் காற்றில் பறந்து, தொடாதவரின் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவற்றிலும் படியும். சூடடித்த களத்திலும் சருகு எரிக்கும் இடத்திலும் நிற்பவர்களுக்கு இவ்வாறு வரக்கூடும்.

4. பாதுகாப்புக் கலங்கள் செடியின் பெயரைப் பார்ப்பதில்லை; பொருளின் வடிவத்தையே பார்க்கின்றன. வடிவம் ஒத்த இன்னொரு பொருள் தோலில் பட்டாலும் அதே எதிர்ப்பு எழலாம். இதனைக் குறுக்கு ஒவ்வாமை என்பர்.

5. ஆகவே பார்த்தெனினுக்குப் பழகிச் சினந்த தோல், ஆர்னிகாக் களிம்பின் ஹெலனலினுக்கும் சினக்கக்கூடும். ஐரோப்பாவில் விற்கப்படும் ஆர்னிகாக் களிம்புகளின் உள்தாளில், சூரியகாந்திக் குடும்பத் தாவரங்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதப்பட்டிருப்பது இக்காரணத்தால்தான்.  இங்கே அதன் பொருள் வன்னிக் கமக்காரரையே நேராகச் சுட்டுகிறது. ஆனால் உறவினர் அன்போடு அனுப்பும் குழாயில் பெரும்பாலும் அந்தத் தாள் இருப்பதில்லை, இருந்தாலும் அது ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சு மொழியிலோ இருக்கும்.

பார்த்தீனியத்தால் தடித்த ஒவ்வொருவருக்கும் ஆர்னிகா ஒவ்வாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. ஒருவருக்கு எது ஒவ்வாது என்பதைத் தோல் மருத்துவர் முதுகில் மருந்துத் துண்டுகளை ஒட்டி, இரண்டு மூன்று நாள்கள் கழித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதேபோல் குடும்பம் முழுவதையும் அஞ்சவும் தேவையில்லை. கையாந்தகரையின் பெயர்பெற்ற பொருளான வெடெலோலாக்டோனின் பெயரிலும் 'லாக்டோன்' என்ற சொல் வருகிறது. ஆனால் அது கூமெஸ்டான் என்ற முற்றிலும் வேறான தொகுதி. பெயர் ஒத்திருப்பது உறவாகாது என்பதை வேதியியலிலும் நினைவில் வைக்க வேண்டும். செவ்வந்தி, சூரியகாந்தி ஆகியவற்றில் செஸ்குவிடெர்பீன் லாக்டோன்கள் உண்டு. பார்த்தீனிய ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் மாலை தொடுக்கும்போது விரல்நுனி கடிக்கிறதா என்று கவனிப்பது நல்லது.

பச்சிலையைப் போல எண்ணிவிடும் தவறு

மண்வெட்டியோ கத்தியோ பட்ட காயத்தில் மூக்குத்திப் பூண்டின் இலையைக் கசக்கிச் சாறு பிழிவது எங்கள் ஊர்களில் நெடுங்கால வழக்கம். வெட்டுக்காயப் பூண்டு என்ற பெயரே அதனால் வந்தது. ஆர்னிகாவையும் 'காயத்துக்கு நல்ல பூ' என்று கேள்விப்படும் ஒருவர், அதே பழக்கத்தில் வெட்டுக்காயத்தின் மேல் அதைத் தடவிவிடுவது எளிதில் நேரக்கூடிய தவறு. ஆர்னிகா கண்டலுக்கு உரியது. அதாவது தோல் கிழியாமல் உள்ளே இரத்தம் கட்டிய இடத்துக்கு உரியது. தோல் கிழிந்த இடத்தில் பூசினால் ஹெலனலின் தடையின்றி உள்ளே போகும். எரிச்சலும் ஒவ்வாமையும் வரும் வாய்ப்புக் கூடும். வாய், கண், மார்புக்காம்பு ஆகியவற்றின் அருகிலும் அது படக் கூடாது. துருப்பிடித்த இரும்பு வெட்டிய காயமாயின், எந்தப் பச்சிலை போட்டாலும் ஏற்புவலித் தடுப்பூசிக்காக வைத்தியசாலைக்குப் போவது தவிர்க்க முடியாதது.

நடைமுறைக்கு வருவோம்.

1. பார்த்தீனியத்தால் ஒருமுறையேனும் தெளிவாகத் தோல் தடித்தவர்கள் ஆர்னிகாக் களிம்பையும் தாய்த் திரவத்தையும் ஆர்னிகா எண்ணெயையும் தவிர்ப்பதே சரி. வீட்டில் பூசிப் பரிசோதிப்பதும் வேண்டாம். தசைநோவுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

2. அத்தகைய ஒவ்வாமை இதுவரை வராதவர்கள், முதலில் முழங்கையின் உள்மடிப்பில் பயறளவு பூசி, அதே இடத்தில் சில நாள்கள் தொடர்ந்து பூசிப் பார்க்கலாம். ஒரு நாளில் ஒன்றும் நிகழவில்லை என்று அமைதிகொள்ளக் கூடாது. தாமதித்து வருவதே இதன் இயல்பு.

3. எந்த வடிவிலும் ஆர்னிகாச் சாற்றைக் குடிக்கக் கூடாது. காய்ந்த பூவைத் தேநீராக்குவதும் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேளாமல் பூசவும் வேண்டாம்.

4. வீக்கம் இரண்டு மூன்று நாள்களில் வடியாவிட்டாலோ, அவயவத்தை அசைக்க முடியாவிட்டாலோ அது முறிவாக இருக்கலாம். களிம்பு அதை மறைத்துவிடும். எக்ஸ்ரே எடுப்பது அவசியம்.

5. பார்த்தீனியத்தைப் பூக்க முன்னரே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது அணிந்த உடையை மற்ற உடைகளோடு சேர்த்துத் தோய்க்கக் கூடாது.

களிம்பு பூசிய இடத்தில் சிவந்து கடிக்கத் தொடங்கினால், சவர்க்காரமிட்டுக் கழுவி, பூசுவதை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போகும்போது அந்தக் குழாயையும், பெட்டி இருந்தால் பெட்டியையும் கையோடு கொண்டுபோவதோடு, பார்த்தீனியம் பிடுங்கிய நாள்களையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பிறநாட்டிலிருந்து வந்த ஒரு பூசுமருந்தையும் வயலில் முளைத்த ஒரு களையையும் தொடர்புபடுத்திப் பார்க்க, அந்த இரண்டு செய்தியும் சேர்ந்து கிடைத்தால்தான் அவருக்கு முடியும்.